நோக்கியா 6600-க்குள் மாட்டிக்கொண்ட அப்பாவின் மெயில்கள்: எடுக்க வழி உண்டா?

#1 அறந்தாங்கி_செல்வி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு மேல் மாடி எடுக்கப் போகிறோம். இன்ஜினியர் வந்து பார்த்ததும் முதலில் கேட்டது, "அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம்? பில்லருக்கு எத்தனை எம்.எம். கம்பி, எத்தனை கம்பி?" என்பதைத்தான். 2006-ல் கட்டிய வீடு. கட்டிய கொத்தனார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. வரைபடம் என்று எதுவும் போடவில்லை.

அப்பா அப்போது மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அங்கே வேலை முடிந்த பிறகு ஸ்டோர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எனக்கு மெயில் போடுவார். ஐ.எஸ்.டி. பேசினால் காசு கரையும் என்று போன் வெள்ளிக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் மெயில். மணல் எவ்வளவு, சிமெண்ட் எத்தனை மூட்டை, கம்பி எப்படிக் கட்ட வேண்டும், எல்லாமே அதில்தான் வரும். நான் அதை அவர் வாங்கி அனுப்பிய நோக்கியா 6600-ல் இறக்கிப் படித்துக் கொத்தனாரிடம் சொல்வேன். எங்கள் ஊரில் டவர் சரியாகக் கிடைக்காது. சாயங்காலம் கண்மாய்க் கரையில் ஏறி நின்றால் மூலையில் ஜிபிஆர்எஸ், அதாவது போன் நெட்டுக்கான குறி வரும். கொத்தனாரும் சில நாள் கூடவே வந்து கரையில் உட்கார்ந்திருப்பார், "அப்பா என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டுக்கொண்டு.

அந்த மெயில் கணக்கை நெடுநாள் திறக்காததால் மூடிவிட்டார்கள். உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது. போன் மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பேட்டரி உப்பிக்கிடக்கிறது. அப்பாவுக்கு 71 வயது, இங்கேதான் இருக்கிறார். "அஞ்சு அடின்னுதான் ஞாபகம், ஆனா கம்பி கணக்கு நெனவில்ல"ங்கிறார். அந்த மெயில்கள் போனுக்குள் இன்னும் இருக்குமா? எடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 திருச்சி_பாஷா

அக்கா, முதல் வேலையா அந்த உப்பின பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வைங்க. அதைச் சார்ஜ் போடவே கூடாது. 6600-க்குப் பி.எல்-5சி பேட்டரிதான். அது இன்னைக்கும் எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும், சின்ன ரேடியோ, ஸ்பீக்கருக்கெல்லாம் அதைத்தான் போடுறாங்க. சார்ஜர் பழைய தடிப் பின். இல்லைன்னா பேட்டரியை யூனிவர்சல் சார்ஜர்ல வெளியே வச்சு ஏத்திக்கலாம்.

சிம் இல்லாம அந்த போன் உள்ளே விடாது. ஏதாவது ஒரு சிம்மை அடாப்டர்ல வச்சுப் போடுங்க.

ரொம்ப முக்கியம்: யார் என்ன சொன்னாலும் *#7370# மட்டும் அடிக்காதீங்க. அது மொத்தத்தையும் துடைச்சிடும். பழைய போன் மெதுவா ஓடுதுன்னு கடையில கொடுத்தா முதல்ல அதைத்தான் அடிப்பாங்க.

#3 மணிமாறன்77

அக்கா உங்களுக்கு மெயில் கிடைக்கட்டும். ஆனால் அந்தக் காலத்து மொபைல் நெட் என்றாலே எனக்கு வயிறு எரியும். கல்லூரியில் படிக்கும்போது பத்து கேபிக்கு பத்து பைசா. யாராவது ஒரு எம்பிக்கு அட்டாச்மெண்ட் அனுப்பினால் பத்து ரூபாய்க்கு மேல் போச்சு. 50 ரூபாய் ரீசார்ஜ் போட்டால் அதில் டாக் டைமாக வருவதே குறைவு. போன் பையில் இருக்கும்போது நடு பட்டன் அழுந்தி பிரவுசர் திறந்துகொள்ளும். ஒரு தடவை திறந்து மூடினாலே காசு. கேட்காமலே ஜோக், ராசிபலன் என்று சேர்த்துவிட்டு மாதம் 30 ரூபாய் பிடித்தார்கள். கஸ்டமர் கேரில் அரை மணி நேரம் பாட்டு கேட்டதுதான் மிச்சம். அதை நெட் என்று சொல்லவே மனசு வராது.

#4 நெட்வொர்க்_சுந்தரம்

நான் ஜிஎஸ்எம் நெட்வொர்க் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மணிமாறன் தம்பியின் கோபம் நியாயமானது. ஆனால் அது நெட் இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் செல்விக்குத் தேவையானது. 6600 போன்ற சிம்பியன் மென்பொருள் போனில் மெயில்பாக்ஸைத் திறந்ததும் "கனெக்ட் டு மெயில்பாக்ஸ்?" என்று கேட்கும். நோ கொடுக்க வேண்டும். நோ கொடுத்தால்தான் முன்பு இறக்கி வைத்ததை ஆஃப்லைனில் காட்டும். எஸ் கொடுத்து அது சர்வரோடு பேசிவிட்டால், சர்வரில் இல்லாத மெயிலைப் போனிலிருந்தும் எடுத்துவிடும். உங்கள் கணக்கு மூடியிருப்பதால் உள்ளே நுழைய முடியாமல் திரும்பிவிடும் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் அந்தச் சோதனை வேண்டாம். மெயில்பாக்ஸைத் திறக்கும் முன் பாக்கெட் டேட்டா இல்லாத சிம் போட்டிருப்பது நல்லது.

இன்னொன்று. அப்போது பலரும் காசு மிச்சம் பிடிக்கத் தலைப்பை மட்டும் இறக்கி, வேண்டியதற்கு மட்டும் உடலை, அதாவது உள்ளே இருக்கும் எழுத்தை, இறக்குவார்கள். உடல் இறக்காத மெயிலுக்குத் தலைப்பு மட்டும்தான் இருக்கும். அதை இனி எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இப்போது தம்பி சொன்னதற்கு வருகிறேன். 1999-ல் நோக்கியா 7110 வந்தபோது வேப், அதாவது போனில் பக்கம் பார்க்கும் வழி, டயல் அப் மாதிரிதான். ஒரு குரல் அழைப்பு போலவே ஒரு லைனை முழுசாகப் பிடித்துக்கொண்டு நொடிக்கு 9.6 கிலோபிட். திரை 96-க்கு 65 புள்ளி, கறுப்பு வெள்ளை. நிமிஷக் கணக்கில் காசு. படித்துக்கொண்டிருக்கும்போதும் மீட்டர் ஓடும். ஜிபிஆர்எஸ் வந்ததும் அது மாறியது. எவ்வளவு நேரம் என்பது போய், எவ்வளவு டேட்டா என்று வந்தது. டவரின் ஒரு ரேடியோவில் எட்டு டைம்ஸ்லாட், அதாவது நேரத் துண்டு. ஒன்று கட்டுப்பாட்டுக்குப் போனால் மிச்சம் ஏழு. அதில் பேசுகிறவர்களுக்குத்தான் முதல் இடம். பேச்சு எடுத்தது போக மிச்சத்தில் டேட்டா. ஒரு ஸ்லாட்டுக்கு 13.4 கிலோபிட் என்று நாலு ஸ்லாட் கிடைத்தால் 53.6. நாலும் கிடைப்பது ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்மாய்க் கரையில் செல்விக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைத்திருக்கும். அதில்தான் அந்த வீடு எழும்பியிருக்கிறது. அதை எப்படி நெட் இல்லை என்பேன்?

#5 அறந்தாங்கி_செல்வி

சுந்தரம் சார், நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுத்தான் மூச்சே வந்தது. நோ என்பதை ஒரு பேப்பரில் எழுதி போனோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பேட்டரி நாளைக்கு வாங்குகிறேன்.

தலைப்பு மட்டும் இறக்குவேன் என்பது உண்மை. அப்பா அதற்காகவே தலைப்பில் பாதி விஷயத்தை எழுதிவிடுவார். "மணல் 2 லோடு போதும்" என்று தலைப்பே வந்துவிட்டால் உள்ளே போக வேண்டியதில்லை. எல்லாம் தங்கிலீஷ்தான், போனில் தமிழ் தெரியாது.

#6 யோகோஹாமா_ரவி

நான் 2002 முதல் மூன்று வருஷம் யோகோஹாமாவில் இருந்தேன். செல்வி அக்கா கண்மாய்க் கரையில் ஏறி நிற்பதற்கு முன்பே அங்கே பள்ளிப் பிள்ளைகள் ரயிலில் நின்றுகொண்டு கட்டை விரலால் மெயில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானிய போன் கம்பெனி டோகோமோவின் நெட் சேவையான ஐ-மோட், 1999 பிப்ரவரி 22-ல் தொடங்கியது. போன் வாங்கினாலே மெயில் முகவரி கூடவே வரும். மெயிலை நாம் போய் இறக்க வேண்டியதில்லை, எஸ்எம்எஸ் மாதிரி அதுவாக வந்து மணி அடிக்கும். முதலில் வந்த போன்களில் ஒரு மெயிலுக்கு 250 ஜப்பானிய எழுத்துதான். இன்று நாம் போடும் பொம்மை எழுத்துகள் பரவியதும் அதில்தான். ஷிகேதகா குரிதா வரைந்த 176 படங்கள், ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளி.

காசு 128 பைட் ஒரு பாக்கெட் என்று, பாக்கெட்டுக்கு 0.3 யென். ஐந்து கேபி மெயில் என்றால் 40 பாக்கெட், 12 யென். அது ஒன்றும் மலிவில்லை, ஆனால் கணக்கு கண்ணுக்குத் தெரிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. ஐ-மோட் பக்கம் எழுதச் சாதாரண எச்டிஎம்எல்லைச் சுருக்கினால் போதும். வேப்புக்கு டபிள்யூஎம்எல் என்று தனியாக ஒன்றைக் கற்றுக்கொண்டு எழுத வேண்டும். எழுத ஆள் இல்லாததால் படிக்கப் பக்கமும் இல்லை. ரோடு போட்டுவிட்டுக் கடை போடாத மாதிரி.

#7 வல்வை_தீபன்

செல்வி அக்கா, உங்கட கதையை வாசிக்க எனக்கு எங்கட வீட்டு முற்றம் ஞாபகம் வந்திட்டுது. 2002 சமாதான காலத்துக்குப் பிறகுதான் எங்கட யாழ்ப்பாணப் பக்கம் கைத்தொலைபேசி புழங்கத் தொடங்கினது. பிறகு நான் போனில இணையம் பாக்கத் தொடங்கேக்க பெரிய தலையிடி தமிழ்தான். பக்கத்தைத் திறந்தால் பெட்டி பெட்டியா வரும். எங்கட ஆக்களின்ர தளங்கள் கனக்க பாமினி எழுத்துருவில, ஆங்கில எழுத்துக்குப் பதிலாத் தமிழைக் காட்டுற பழைய முறையில, இருந்தது. எழுத்துரு இல்லாத போனில அது ஆங்கில எழுத்தா இறைஞ்சு கிடக்கும். "தமிழ்" எண்ட சொல்லே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி எண்டு வரும். பாத்துப் பாத்து எனக்கு அது மனப்பாடம். கொஞ்ச நாளில அந்த ஆங்கில எழுத்தை வச்சே தலைப்புச் செய்தியை வாசிக்கப் பழகிட்டன். அண்ணைமாருக்கு வாசிச்சும் காட்டியிருக்கிறன்.

#8 மணிமாறன்77

தீபன், அது என்ன ஒரு நினைவு! பெட்டி பெட்டியாக வந்ததற்கு மருந்து ஒபேரா மினி என்ற பிரவுசர்தான். 2006 ஜனவரியில் உலகம் முழுக்க விட்டார்கள். பிறகு வந்த பதிப்புகளில் முகவரிப் பட்டையில் ஒபேரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். கீழே கடைசி வரை இறங்கினால் "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்குப் பிட்மேப் ஃபாண்ட்" என்று ஒரு வரி. அதை எஸ் ஆக்கி சேவ் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ராத்திரி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஹாஸ்டலில் போர்வைக்குள், தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டித் தரும் தமிழ்மணம் திறந்தேன். ஒரு வினாடி வெள்ளையாக நின்றது. பிறகு மேலிருந்து ஒவ்வொரு வரியாக "இன்று" என்று தமிழில் இறங்கியது. கொம்பும் காலும் புள்ளியும் அது அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனை எழுப்பிக் காட்டினேன். விடியும்போது எங்கள் மாடியில் பதினொரு போனில் தமிழ் தெரிந்தது.

மேலே நான் கோபமாக எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். வயிறு எரிந்தது காசு பிடித்தவர்கள் மேல்தான். நெட் மேல் இல்லை. ஏர்செல் பாக்கெட் இன்டர்நெட் 98 ரூபாய்க்கு ஒரு மாதம் என்று வந்த பிறகு நான் படித்த தமிழ் அளவுக்குப் பள்ளியில் பன்னிரண்டு வருஷத்தில் படித்திருக்க மாட்டேன்.

#9 நெட்வொர்க்_சுந்தரம்

மணிமாறன் சொன்னதில் ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஒபேரா மினியில் பக்கத்தை உங்கள் போன் திறப்பதில்லை. அவர்களுடைய சர்வர் திறந்து, சுருக்கி, மூட்டை கட்டி அனுப்பும். பிட்மேப் போட்டால் அந்தச் சர்வரே எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பிவிடும். அதனால்தான் எழுத்துருவே இல்லாத போனில் தமிழ் தெரிந்தது. படம் என்பதால் டேட்டா கொஞ்சம் கூடும், காப்பி எடுக்க முடியாது. தீபன் சொன்ன பாமினி பக்கங்களுக்கு இது உதவாது. சர்வருக்கு அது ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு உள்ள யூனிகோடில் எழுதியதற்கு மட்டும்தான் இந்த வழி பலித்தது. அன்று யூனிகோடுக்கு மாறச் சொல்லி மன்றாடியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நடுவில் சர்வர் உட்கார்ந்திருப்பதால் பேங்க் பாஸ்வேர்டை அதில் போடாதீர்கள் என்று அப்போதே எல்லாரிடமும் சொல்வேன்.

#10 திருச்சி_பாஷா

2005-ல இருந்து 2010 வரைக்கும் என் கடையில பாதி வேலை ஜிபிஆர்எஸ் செட்டிங் போடுறதுதான். கம்பெனிக்கு மெசேஜ் போட்டா செட்டிங் வரும், பின் 1234 அடிச்சு சேவ் பண்ணணும். பாதிப் பேருக்கு அது வராது. கையாலதான் ஏத்தணும்.

மெயில் வேணும்னு வர்றவங்களுக்கு ஒரு தனித் தொல்லை. வேப் செட்டிங் போட்டா பிரவுசர் நல்லா ஓடும், மெயில் மட்டும் "கனெக்டிங்"னே நிக்கும். ஏன்னா வேப் வழியில போனா நடுவுல ஒரு கேட்வே, அது பக்கம் பாக்க மட்டும் விடும். மெயிலுக்கு 110, 25ன்னு வேற போர்ட். அதுக்கு நேரா நெட்டுக்குப் போற ஆக்சஸ் பாயிண்ட் தனியா ஆக்டிவேட் பண்ணணும், அதுக்குக் காசும் தனி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு. சொல்லிக் கொடுக்க அப்ப ஆளில்ல.

வந்தவங்கள்ல முக்கால்வாசி வெளிநாட்டுல ஆள் இருக்கிற வீடுதான். ஒரு அம்மா, எழுதப் படிக்கத் தெரியாது, மகன் சவூதியில. மாசம் ரெண்டு தடவை போனைக் கொண்டாந்து "மெயில் வந்திருக்கா பாரு தம்பி"ம்பாங்க. நான் இறக்கி வாசிச்சுக் காட்டுவேன். பதிலை அவங்க சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். எண் பட்டன்ல ஒரு எழுத்துக்கு மூணு தடவை அமுக்கி அமுக்கி, கட்டை விரல் தழும்பு இப்பவும் இருக்கு. அந்தப் பையன் ஊருக்கு வந்தப்ப நேரா கடைக்கு வந்து, "எங்கம்மா எழுத்து நீங்கதானா பாய்"னு கையைப் பிடிச்சுக்கிட்டான்.

#11 அறந்தாங்கி_செல்வி

பேட்டரி போட்டேன். போன் எழுந்துவிட்டது! இரண்டு கை சேர்கிற அந்தப் படம் வந்ததும் அப்பா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

நடு ஜாய்ஸ்டிக் கீழே அழுந்தவில்லை. மேலும் கீழும் மட்டும் போகிறது. இடது பக்கம் ஆப்ஷன்ஸ் அழுத்தி ஓப்பன் கொடுத்துத்தான் ஒவ்வொன்றாகப் போக முடிகிறது. மெயில்பாக்ஸில் கை வைத்தேன், சார் சொன்ன அதே கேள்வி. நோ.

மொத்தம் 63 தலைப்பு. அதில் 38-க்கு உள்ளே எழுத்து இருக்கிறது. ஆனால் "ஃபுட்டிங் அண்ட் பில்லர் கம்பி, கண்டிப்பா படி" என்று ஒரு மெயில் இருக்கிறது பாருங்கள், அது வெறும் தலைப்பு. திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. கண்டிப்பா படி என்று எழுதியதை நான் எங்கே படித்தேன் என்றே தெரியவில்லை. டவுன் பிரவுசிங் சென்டரில் படித்திருப்பேன் போல. அழுகையே வந்துவிட்டது.

#12 நெட்வொர்க்_சுந்தரம்

அம்மா செல்வி, அவசரப்படாதீர்கள். மெயில்பாக்ஸிலிருந்து வெளியே வந்து மெசேஜிங்கில் "சென்ட்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நீங்கள் அனுப்பிய பதில்கள் அங்கே இருக்கும். அதற்கும் சர்வருக்கும் சம்பந்தமில்லை. அதில் பாருங்கள்.

பார்த்ததும் எல்லாவற்றையும் இப்போதைய போனில் படம் எடுத்துவிடுங்கள். மெமரி கார்டுக்கு மாற்றினாலும் அது சாதாரண கோப்பாக நிற்காது, மறைவான ஃபோல்டரில் துண்டு துண்டாக இருக்கும். படம் எடுப்பதுதான் சுலபம், நிச்சயம்.

#13 அறந்தாங்கி_செல்வி

கிடைத்துவிட்டது!!!

சென்ட் ஃபோல்டரில் 20 மெயிலுக்குக் கிட்ட இருக்கிறது. எனக்கு ஒரு பழக்கம் இருந்தது, இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அப்பா சொன்னதைத் தப்பாகக் கொத்தனாரிடம் சொல்லிவிடக் கூடாது என்று, கணக்கு எல்லாவற்றையும் திரும்ப எழுதிக் கேட்பேன். தங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் மாற்றி அப்படியே போடுகிறேன்:

"அப்பா, ஃபுட்டிங் 5 அடி ஆழம் 4க்கு 4. பில்லர் 9க்கு 12. கம்பி 12 எம்எம் 6. சரியா? கொத்தனார் 4 போதும்ங்கிறார். சீக்கிரம் சொல்லுங்க பேலன்ஸ் 7 ரூபாதான் இருக்கு"

அடுத்த நாள் அவர் அனுப்பியது இறக்கிய 38-ல் இருக்கிறது:

"6 தான். குறைக்க வேண்டாம். ரிங் 8 எம்எம் 6 இஞ்ச்க்கு ஒண்ணு. பின்னாடி மாடி எடுப்போம். ரீசார்ஜ் வெள்ளிக்கிழமை மாமாகிட்ட சொல்றேன்"

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சின்னத் திரையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து மூன்று தடவை படித்தார். "பின்னாடி மாடி எடுப்போம்னு அப்பவே எழுதியிருக்கேன் பாரு" என்றார். பிறகு மற்ற மெயில்களையும் கேட்டார். ராத்திரி ஒரு மணி வரை ஆப்ஷன்ஸ், ஓப்பன், ஆப்ஷன்ஸ், ஓப்பன் என்று 38-ஐயும் திறந்து படித்தோம். ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிட்டேன்.

#14 வல்வை_தீபன்

அக்கா, வாசிக்க வாசிக்கச் சந்தோசமா இருக்கு. ஐயாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ.

#15 மணிமாறன்77

பேலன்ஸ் ஏழு ரூபாயில் ஒரு வீட்டின் தூணைக் கேட்டு நிற்கிற அந்த வரியை மறக்கவே முடியாது அக்கா. இன்ஜினியர் என்ன சொன்னார் என்று கட்டாயம் எழுதுங்கள்.

#16 அறந்தாங்கி_செல்வி

இன்ஜினியர் படங்களைப் பார்த்தார். கணக்கு மாடிக்குத் தாங்குகிற மாதிரிதான் இருக்கிறது, ஆனால் மெயிலில் எழுதியது வேறு, மண்ணுக்குள் இருப்பது வேறாகவும் இருக்கலாம், பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். அது சரிதானே.

இன்று காலையில் கொல்லைப் பக்கம் மூலைப் பில்லரை ஒட்டிக் குழி தோண்டினார்கள். அப்பா வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. ஐந்து அடி இரண்டு அங்குலத்தில் ஃபுட்டிங் தட்டுப்பட்டது. பில்லரில் ஓர் இடத்தில் பூச்சை உடைத்துக் கம்பியை எண்ணினார்கள். ஆறு. கொத்தனார் நான்கு போதும் என்று வாதாடியவர்தான், ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். அவர் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

வேலை அடுத்த மாதம் ஆரம்பம்.

#17 திருச்சி_பாஷா

அல்ஹம்துலில்லாஹ். ரொம்ப சந்தோஷம் அக்கா. போனைத் திரும்ப பீரோவுல வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழற்றித் தனியா வைங்க. அந்த ஜாய்ஸ்டிக் வேணும்னா திருச்சிப் பக்கம் வர்றப்ப கடைக்குக் கொண்டாங்க, பழைய போன் ஒண்ணுல இருந்து கழற்றி மாத்தித் தர்றேன்.